சதங்கை ஒலி தொடர வேண்டுமானால்...

முப்பெருந்தேவியரைப் போற்றித் துதிக்கும் நவராத்திரி நன்னாள்கள் வந்துவிட்டால், மலேசியத் திருநாட்டிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆலய மண்டபங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. கொலுப்படிகள் எழுகின்றன; ஒன்பது இரவுகளுக்கும் உரிய உபயகாரர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஏறுகின்றன. இரவுப் பூசை நிறைவுற்றுப் பிரசாதம் வழங்கப்பட்ட பின்னர், சதங்கை கட்டிய சின்னஞ்சிறு பாதங்கள் அம்பாளின் சந்நிதியை நோக்கி வணங்கி மேடையேறுகின்றன. பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து கண்கொட்டாமல் பார்க்கின்றனர். பாட்டிமார்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கை தட்டுகின்றனர்.

இக்காட்சி ஆண்டுதோறும் தானாகவே நிகழ்ந்துவிடுவது போலத்தான் பக்தப் பெருமக்களுக்குத் தோன்றும். ஆயினும், நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் நிருவாகத்தினர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தவறாமல் வந்து ஆடிய நாட்டியப் பள்ளி, ஓர் ஆண்டு வராமற் போய்விடும். விசாரித்தால், ஆசிரியைக்கு உடல்நலமில்லை, பள்ளி மூடப்பட்டுவிட்டது என்று பதில் வரும். அறுபது எழுபது மாணவியர் பயின்ற பள்ளியாக இருக்கும். அவர்களுள் அரங்கேற்றம் கண்டவர்களும் பலர் இருப்பர். அவர்களில் ஒருவரேனும் அப்பள்ளியைத் தொடர்ந்து நடத்த இயலாமற் போனது ஏன் என்பதை எவரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பள்ளிக்கு அந்த இரவு ஒதுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ஒரு நாட்டியப் பள்ளி அதன் ஆசிரியரோடு முடிந்துவிட வேண்டுமா? அதில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை? இவ்விரு வினாக்களும் ஆலயத்திற்குப் புதியன அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆலயம் இவற்றுக்கு விடை கண்டு கல்லில் வெட்டி வைத்திருக்கின்றது.

கல்லில் வெட்டிய ஏற்பாடு

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எழுப்பிய மாமன்னர் முதலாம் இராஜராஜ சோழர், அக்கோயிலின் நித்திய சேவைக்காகச் சோழ நாடெங்கும் இருந்த ஆலயங்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்தார். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் எனப் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைக் குறிப்பிடுகின்றது. கோயிலைச் சார்ந்த தெருக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு அளிக்கப்பட்டது. ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் வழங்கப்பட்டது. எந்தத் தெரு, எந்த வரிசை, எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் வாழும் பெண்மணியின் பெயர் என்ன, அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பன யாவும் ஒன்றுவிடாமல் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னரின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட அதே கோயிலில், நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன.

அக்கல்வெட்டில் மகளிர் மட்டும் இடம்பெறவில்லை. நட்டுவம் செய்வோர், பாடுவோர், குழல், உடுக்கை முதலிய கருவிகளை இசைப்போர் என்பவர்களோடு, கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டன. ஆடுபவர் ஒருவர் ஆடுவதற்கு எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. இன்றைய நிகழ்ச்சி அழைப்பிதழ்களில் ஒலியமைப்பாளரின் பெயரையும் ஒப்பனைக் கலைஞரின் பெயரையும் தேடினால் கிடைப்பது அரிது.

அதனினும் வியப்பூட்டுவது, பங்கு தொடர்வதற்குச் செய்யப்பட்ட விதியாகும். பங்கு பெற்றவர் இறந்துவிட்டாலோ, ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும். அவ்வுறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவராயின், தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையெனில், அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவுக்கு முதலிடம் உண்டு. ஆனால் தகுதி இல்லாத உறவு போதாது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அரண்மனைக்கு அல்ல, உடன் பணிபுரிவோருக்கே அளிக்கப்பட்டது. வாரிசைப் பற்றிப் பேசினாலே மனத்தாங்கல் வந்துவிடும் என்று அஞ்சி, கடைசிவரை வாய் திறவாத பள்ளிகளும் சங்கங்களும் (ஆலய நிருவாகங்களையும் இங்கே விட்டுவிடுவதற்கில்லை) இந்த ஒரு விதியை எண்ணிப் பார்ப்பது நன்று.

மறக்கலாகாத வரலாறு

இவ்வாறு ஆலயம் வளர்த்த கலை, ஆலயத்தோடு வாழ்ந்த பெண்களிடமிருந்து பிற்காலத்தில் பறிபோயிற்று. மானியங்கள் சுருங்கின, அரசர்களின் ஆதரவு மறைந்தது, அம்மகளிரின் வாழ்வைச் சீரழித்த கொடுமைகளும் சேர்ந்துகொண்டன. பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அரும்பாடுபட்டார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்குரிய சட்டமும் நிறைவேறியது. குழந்தைகளைக் காத்த நற்செயல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொட்டுக்கட்டு ஒழிந்தபோது, அக்குலத்துப் பெண்கள் ஆலயத்தில் ஆடும் வாய்ப்பும் உடன் ஒழிந்தது.

மறுபுறம், 1935இல் சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். பிற குடும்பத்துப் பெண்கள் ஆடத் துணிந்ததும், சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய கலை பரதநாட்டியம் என்ற பெயரால் உலகெங்கும் பரவியதும் அதன்பின் விரைந்து நடந்தன. கடல் கடந்து நம் பிள்ளைகள் இன்று ஆடுகின்றார்கள் என்றால் அதற்கு அந்த முன்னோடிகளும் காரணம். எனினும் ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதையும், அவர் வழிவழியாக வந்த நட்டுவனார் என்பதையும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? வீணை தனம்மாளின் பேர்த்தியான பாலசரஸ்வதி, பரம்பரைக் குடும்பத்துப் பெண்ணாகவே இறுதிவரை மேடையில் நின்று, 1973இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவரைப் போல நிலைத்து நிற்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. மற்றையோர் தம் பிள்ளைகளுக்குச் சதங்கையைக் காட்டாமலே வளர்த்தனர். எல்லாருக்கும் உரியதாக ஒரு கலை விரிகின்ற வேளையில், அதை அதுவரை காத்து வந்தவர்கள் வெளியே நிறுத்தப்படுவதும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. சலங்கை பூசையன்று குரு வணக்கம் செய்யும் பிள்ளைகளுக்கு இக்கதையையும் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

சிங்கையில் ஊன்றிய விதை

1952ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய கே.பி. பாஸ்கர் என்ற இளைஞர், அங்கேயே தங்கி நாட்டியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1955இல் அவரை மணந்து கேரளத்திலிருந்து வந்த சாந்தா பாஸ்கர் அப்போது பதின்ம வயதுப் பெண். வந்த இடத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அருகருகே வாழ்வதைக் கண்டார். 1958இல், லியாங் சான்போ, சூ யிங்தாய் என்னும் சீனக் காதலர் கதையை இந்திய நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். ஆண் வேடம் பூண்டு கல்வி கற்கச் செல்லும் பெண்ணின் கதை அது. இறுதியில் காதலர் இருவரும் வண்ணத்துப் பூச்சிகளாகிப் பறந்து செல்வர். நம் முத்திரைகளைக் கொண்டு அண்டை வீட்டாரின் கதையைச் சொல்ல இயலும் என்பதை அந்த இளம்பெண் அன்றே மெய்ப்பித்துவிட்டார்.

இத்தகைய முயற்சிகளைக் கலப்படம் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால் சாந்தா பாஸ்கர் அடவுகளின் இலக்கணத்தை விட்டுக் கொடுத்தவர் அல்லர். வாசலை அகலத் திறந்தவர், அவ்வளவே. 1990இல் சிங்கப்பூர் அரசின் கலாசாரப் பதக்கத்தைப் பெற்றார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திய நடனக் குழுவைப் பல்லாண்டுகள் வழிநடத்தினார். பாஸ்கர் 2013இலும், சாந்தா 2022 பிப்ரவரியில் தமது 82ஆம் வயதிலும் இறைவனடி சேர்ந்தனர். அவர்கள் தொடங்கிய நிறுவனம் இன்றும் நடைபெறுகின்றது. மகள் மீனாட்சி பாஸ்கர் அதில் பொறுப்பேற்றிருப்பது ஒரு காரணம். பெற்றோர் இருக்கும்போதே பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டது மற்றொரு காரணம்.

வாரிசு பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திரத்தில் பயின்ற நீலா சத்தியலிங்கம், கணவர் சத்தியலிங்கத்துடன் 1974இல் சிங்கப்பூருக்கு வந்து, 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1989இல் கலாசாரப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. தம்மிடம் பயின்றவரும் வீணைக் கலைஞருமாகிய அரவிந்த் குமாரசாமியிடம் அவர் தாம் வாழும் காலத்திலேயே கலைப் பொறுப்பை ஒப்படைத்தார். 2013இல் அங்கோர் ஆலயங்களை மையப்படுத்தி அந்நிறுவனம் படைத்த நாட்டிய நாடகம் பெரிதும் பேசப்பட்டது. அம்மையார் 2017இல் மறைந்தபோது, மாணவர்கள் கண்ணீர் விட்டார்கள், வகுப்புகள் நிற்கவில்லை. தஞ்சைக் கல்வெட்டின் விதி இங்கே எவரும் எடுத்துக் காட்டாமலே நிறைவேறியிருக்கின்றது.

வேறொரு வழியும் உண்டு. 1949இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் எந்தவொரு குருவின் பெயரையும் சார்ந்ததன்று. செயற்குழு மாறுகின்றது, ஆசிரியர்கள் வருகின்றார்கள், போகின்றார்கள், கழகம் இருக்கின்றது. குரு பக்தியின் நெருக்கம் அங்கே சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு தனிமனிதரின் உடல்நலத்தை நம்பி நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கல்வி ஊசலாட வேண்டிய நிலை அங்கில்லை.

உண்டவர் தருவதே காணிக்கை

கோலாலம்பூரில் 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளாசியுடன், கோபால் ஷெட்டி, வி.கே. சிவதாஸ் ஆகிய நாட்டியக் கலைஞர்களும் அவர்தம் துணைவியரும் முன்னின்று தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் நுண்கலைக் கோயிலை அறியாதவர் இந்நாட்டில் குறைவு. தலைநகரின் பிரிக்பீல்ட்சில் அது தன் சொந்தக் கட்டடத்தில் இயங்குகின்றது. அதற்கு அன்னலட்சுமி என்னும் சைவ உணவகமும் உண்டு. உண்டவர் மனமுவந்து தருவதே கட்டணம் என்ற கொள்கையுடன் அது தொடங்கப்பெற்றது. பரிமாறுவோரில் பலர் தொண்டூழியர்கள். முந்திய நாள் மேடையில் இராமனாக நின்றவர் மறுநாள் இலையில் சாம்பார் ஊற்றலாம்.

இதில் பக்தி மட்டுமல்ல, கணக்கும் இருக்கின்றது. பயிற்சிக் கட்டணத்தை மட்டுமே நம்பியிருக்கும் பள்ளி, கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும். வேறொரு வருவாய் இருக்கும்போதுதான் கதவைத் திறந்து வைக்க முடியும். 2005இல் சுவாமிகள் மறைந்த பின்னரும் நுண்கலைக் கோயில் தளராமல் நிற்பதற்கு, ஒருவரையே நம்பாமல் பலர் கைகோத்துத் தாங்கும் இந்த அமைப்பு முறை துணையாயிற்று.

டத்தோ ராம்லி இப்ராஹிமின் கதை வேறு வகையானது. காஜாங்கில் பிறந்த மலாய்க்காரர், பொறியியல் பட்டதாரி. அடையாறு லக்ஷ்மணிடம் பரதநாட்டியமும், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, 1983இல் சூத்ரா நடனக் குழுவை அமைத்தார். அவரிடம் பயின்று உலக மேடைகளைக் கண்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் தேடிச் சென்று அவர் குழுவினர் பயிற்சி அளித்திருக்கின்றனர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஜகந்நாதரைப் போற்றும் ஆடலை ஒரு முஸ்லிம் ஆசிரியர் நம் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கின்றார்; அப்பிள்ளை அதைக் கொண்டுபோய் ஆலயத்தில் ஆடுகின்றது. இதைப் பற்றி முணுமுணுப்போர் சிலர் உண்டு. கற்றுக் கொடுப்பதற்கு நம்மவர் எத்தனை பேர் தோட்டப்புறங்களுக்குச் சென்றார்கள் என்று அவர்களைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

அரங்கேற்றமா, நிறைவேற்றமா?

அரங்கேற்றம் என்பது தொடக்கம். அரங்கிற்கு ஏறுவதே அதன் பொருள். நம் வட்டாரத்திலோ அதுவே முடிவாகிவிட்டது. மண்டப வாடகை, சென்னையிலிருந்து வரவழைக்கப்படும் பாடகர், மிருதங்கக் கலைஞர் ஆகியோரின் விமானச் செலவு, பட்டாடைகள், நகைகள், வண்ண அழைப்பிதழ், வந்தவர்களுக்கு விருந்து, நினைவுப் பரிசு என்று அது திருமணத்திற்கு ஈடாக வளர்ந்துவிட்டது. வசதியுள்ள குடும்பங்கள் மகிழ்ச்சியோடு செய்கின்றன; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே வகுப்பில் அதே அளவு பயிற்சி பெற்ற மற்றொரு பிள்ளையின் தந்தை பாரவண்டி ஓட்டுநராக இருப்பார். அப்பிள்ளை பதினைந்து வயதில் மெல்ல நின்றுவிடும். எஸ்.பி.எம். தேர்வு வருகிறது என்று காரணம் சொல்வார்கள். ஆசிரியைக்கு உண்மைக் காரணம் தெரியும். ஆனால் பேச்சு எழாது.

அரங்கேற்றத்தைக் கோயில் மண்டபத்திலேயே, உள்ளூர் இசைக்கலைஞர்களைக் கொண்டு, மூன்று நான்கு மாணவியரைச் சேர்த்து எளிமையாக நடத்தும் ஆசிரியர்களும் இருக்கின்றார்கள். அவர்களுடைய துணிவு பாராட்டுக்குரியது. பெற்றோர் சிலர், எங்கள் பிள்ளைக்கு மட்டும் தனியாக வேண்டும் என்று வேறு ஆசிரியரிடம் போய்விடுவதும் நடக்கின்றது. மாணவியை இழந்தாலும் கொள்கையை இழக்காதவர்களே பள்ளிக்குத் தலைமை தாங்கத் தக்கவர்கள். இதனால் மற்றொரு நன்மையும் விளைகின்றது: உள்ளூர்ப் பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் வாய்ப்பு வருகின்றது. வாய்ப்பில்லாத இடத்தில் கலைஞர் தோன்றார். ஒலிப்பதிவுகளே கதி என்றாகிவிடும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆடல்வல்லானை வணங்கும் சமயம் நம்முடையது. ஆயினும் மகன் நாட்டியம் கற்க விரும்பினால் முகம் சுளிக்கும் தந்தையர் இன்றும் உள்ளனர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஆடிக் காட்டுபவர் சிவபெருமானே. 108இல் எஞ்சிய 27க்கான கற்கள் செதுக்கப்படாமல் வெறுமையாகவே நிற்கின்றன.

கண்டிப்பும் காவலும்

குருவை இறைவனாக எண்ணுவது நம் மரபு. அம்மரபுக்குள் மறைந்துகொண்டு தவறு செய்வோரும் தோன்றிவிடுகின்றனர் என்பதை மனவேதனையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2023ஆம் ஆண்டு சென்னையில் புகழ்பெற்ற நாட்டியக் கல்லூரி ஒன்றின் மாணவியர், பாலியல் தொல்லைக்கு எதிராக வளாகத்திலேயே அமர்ந்து போராட்டம் நடத்தினர். ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். செய்தி கேட்ட பெற்றோர் இங்கும் கலங்கினர். தனி வகுப்பின்போது கதவு திறந்திருப்பதும், பெற்றோர் எவ்வேளையிலும் வந்து அமரலாம் என்பதும், பிள்ளை முறையிட்டால் கேட்பதற்கு ஆசிரியரைச் சாராத ஒருவர் இருப்பதும் குருவுக்கு இழுக்காகா. நல்ல குருவுக்கு அவை பாதுகாப்பே ஆகும். ஆலயங்கள் தம் வளாகத்தில் வகுப்பு நடத்த இடம் அளிக்கும்போது, வாடகையைப் பேசுவதோடு இவற்றையும் பேசுவது கடமை.

ஆலயத்தின் பங்கு

ஆலயம் இக்கலைக்குத் தரக்கூடியது மேடை மட்டும்தான் என்று எண்ணுவோர் உளர். அந்த மேடையே சரியாகத் தரப்படுகிறதா என்பது முதல் கேள்வி. ஏழரை மணிக்கு ஒப்பனை முடித்த பிள்ளைகள், பிரமுகர்களின் உரையும் பொன்னாடை போர்த்தலும் முடிவதற்குள் பத்து மணியாகிவிட, கண் அயர்ந்து சுவரில் சாய்ந்திருக்கும் காட்சி புதிதன்று. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. பொன்னாடைகளை ஆடலுக்குப் பின் வைத்துக்கொண்டால் பிரமுகர்களும் இருந்து பார்ப்பார்கள். அதில் எவருக்கும் நட்டமில்லை.

இரண்டாவது, தரை. நம் ஆலய மண்டபங்கள் பளிங்கும் ஓடும் பதிக்கப்பட்டவை; காண்பதற்கு அழகு, கழுவுவதற்கு எளிது. அரைமண்டியில் அமர்ந்து தட்டும் பாதத்திற்கு அத்தரை எவ்விதத்திலும் வளைந்து கொடுப்பதில்லை. அதிர்ச்சி முழுவதும் குதிகாலிலும் முழங்காலிலும் முதுகெலும்பிலும் இறங்குகின்றது. நாற்பது வயதில் முழங்கால் தேய்ந்து ஆடுவதை நிறுத்திய ஆசிரியைகள் ஒருவர் இருவர் அல்லர். மரப்பலகை மேடை, அதற்கடியில் சற்றே இடைவெளி, இவ்வளவு இருந்தால் போதும். விழாக்காலத்தில் மட்டும் விரித்து, பின்னர் எடுத்து வைக்கக்கூடிய பலகைகளாகவும் செய்யலாம். ஓர் இரவின் மலர் அலங்காரத்தைச் சற்றுச் சுருக்கினால் அப்பலகைகளுக்கான பணம் கிடைத்துவிடும். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மூன்றாவது, உபயம். திருவிழாவுக்கும் அன்னதானத்திற்கும் மனமுவந்து தரும் உபயகாரர்கள், ஒரு பிள்ளையின் ஓராண்டு நாட்டியக் கட்டணத்தையும் உபயமாக ஏற்கலாம். பிள்ளையின் பெயரை அறிவிக்க வேண்டியதில்லை. உபயகாரரின் பெயர் பலகையில் இருந்தால் போதும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றுக் காலத்தில் ஆலயங்கள் மூடப்பட்டு, கைத்தொலைபேசித் திரை வழியே வகுப்பு நடத்திய ஆசிரியர்களில் பலர் கட்டணம் கேட்கக் கூசி இலவசமாகவே கற்பித்தனர். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

விஜயதசமி அன்று காலையில் வித்தியாரம்பம் நடைபெறும். ஐந்து வயதுப் பிள்ளைகள் புதுச் சேலை கட்டி, தாம்பூலத் தட்டில் தட்சிணையோடு வந்து ஆசிரியரை வணங்கி, முதல் தட்டடவை ஆரம்பிப்பார்கள். வரிசையின் ஓரத்தில், ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளின் கால்களைப் பிடித்துத் திருத்தியபடி, பதினெட்டு இருபது வயதில் மூத்த மாணவி ஒருத்தி நிற்பாள். பக்தர்கள் அன்று அவளுடைய பெயரையும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.